ஒரு நாள் வருகிறவர், பத்து வருடம் இருக்கிறவர்: விக்கித் தன்னார்வலர்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ் விக்கிப்பீடியா, விக்கிமூலம் (பழைய நூல்களை எழுத்துவடிவில் ஏற்றும் அதன் சகோதரத் தளம்) பயிலரங்குகளுக்குப் போகும்போது மேடையில் கேட்கப்படும் கேள்விகள் ஒரு வகை. தேநீர் இடைவேளையில் தனியாகக் கூப்பிட்டுக் கேட்பவை இன்னொரு வகை. இவை பெரும்பாலும் இரண்டாம் வகை. கேட்டவர்களில் பாதிப் பேர் நிகழ்ச்சியை ஏற்பாடு செய்த பேராசிரியர்கள். மீதிப் பேர், ஒரே நாள் வந்துவிட்டுப் போனால் தப்பா என்று தயங்கிய மாணவர்கள்.

குறுகிய காலத் தன்னார்வலர், நீண்ட காலத் தன்னார்வலர் என்று எதை வைத்துப் பிரிப்பது?

பக்கத்தில் ஒரு மாற்றம் செய்து சேமித்தால் அது ஒரு தொகுப்பு. ஒரு மாதத்தில் ஐந்து தொகுப்பாவது செய்த பதிவுபெற்ற பயனரைச் செயல்படும் பயனர் என்று, விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியா அறக்கட்டளை கணக்கு வைக்கிறது. நூறைத் தொட்டால் மிகவும் செயல்படும் பயனர். இது அந்த மாதத்து நாடித்துடிப்பைத்தான் காட்டும், ஆயுசைக் காட்டாது. போட்டி நடக்கிற மாதத்தில் நூறு தாண்டுபவர் அடுத்த மாதம் இருப்பார் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

நான் வேறு ஒன்றைப் பார்ப்பேன். விக்கியில் ஒவ்வொருவருக்கும் கவனிப்புப் பட்டியல் என்று ஒன்று உண்டு. அதில் சேர்த்த பக்கத்தை யார் தொட்டாலும் தகவல் வந்துவிடும். தான் எழுதாத பக்கங்களையும் அதில் போட்டு வைத்து, காலையில் காப்பியோடு ஒரு சுற்று பார்க்கிறாரே, அவர் நீண்ட காலத்தவர். தன் பக்கத்தைச் சேமித்துவிட்டுக் கிளம்புகிறவர் குறுகிய காலத்தவர். முன்னவர் ஆறு மாதம் முன்பு வந்தவராக இருக்கலாம். பின்னவர் வருடத்துக்கு ஒருமுறை எட்டிப் பார்த்தபடி பத்து வருடமாக இருக்கலாம்.

விக்கிப்பீடியாவை உண்மையில் எழுதுவது யார்? ஒரு சிலர்தான் என்கிறார்களே?

2006இல் இந்தக் கேள்வி நன்றாகவே அலசப்பட்டது. நிறுவனர் ஜிம்மி வேல்ஸ், மொத்தத் தொகுப்புகளில் பாதிக்கு மேல் செய்பவர்கள் ஐந்நூற்றுச் சொச்சம் பேர்தான் என்று சொல்லிவந்தார். ஆரோன் சுவார்ட்சு என்ற இளைஞருக்கு அந்தக் கணக்கில் சந்தேகம். தொகுப்புகளை எண்ணுவதை விட்டுவிட்டு, அமெரிக்க நடிகர் ஆலன் ஆல்டா பற்றிய கட்டுரையை எடுத்து, இன்று அதில் மிஞ்சியிருக்கும் எழுத்துகள் யார் யார் சேர்த்தவை என்று எண்ணினார். உருப்படியான பத்தியைச் சேர்த்துவிட்டுப் போனவர்கள் பெரும்பாலும் வெளியாட்கள். அதற்கு முன்பும் பின்பும் அவர்கள் அதிகம் எழுதவில்லை. தொகுப்பு எண்ணிக்கையில் முன்னால் நிற்பவர்கள் இணைப்புக் கொடுப்பது, பகுப்பு சேர்ப்பது, எழுத்துப்பிழை திருத்துவது என்று வீட்டைப் பெருக்கித் துடைத்துக்கொண்டிருந்தார்கள்.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் மறு ஆண்டே மினசோட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வேறு தராசில் நிறுத்தார்கள். ஒரு சொல் எத்தனை முறை வாசகர் கண்ணில் பட்டது என்பதையும் சேர்த்துக் கணக்கிட்டால், ஆயிரத்தில் ஒருவர் என்ற அளவிலான சிறு கூட்டம் கிட்டத்தட்ட பாதியைத் தந்திருந்தது. ஆக எதை எண்ணுகிறோமோ அதற்கேற்ற பதில்தான் கிடைக்கும்.

இரண்டுமே ஆங்கில விக்கிப்பீடியாவைப் பற்றியவை. தமிழில் நிலைமை வேறு. இங்கே வெளியாள் கூட்டம் சிறியது. அதனால் செங்கல் அடுக்குகிறவரும் பெருக்குகிறவரும் ஒரே ஆளாகவே இருப்பார். தமிழ் விக்கிப்பீடியா 2003இல் தொடங்கியது. அந்த ஆண்டு இறுதியில் வந்து சேர்ந்தவர் இ. மயூரநாதன், யாழ்ப்பாணத்துக்காரர், தொழிலில் கட்டடக்கலைஞர், வேலை பார்த்தது ஐக்கிய அரபு அமீரகத்தில். தளத்தின் இடைமுகத்தைத் தமிழாக்கியதில் பெரும்பங்கு அவருடையது. ஆயிரக்கணக்கில் கட்டுரைகள் எழுதினார், மற்றவர் எழுதியதையும் செப்பனிட்டார். 2015ஆம் ஆண்டுக்கான இயல் விருதைக் கனடா தமிழ் இலக்கியத் தோட்டம் அவருக்குக் கொடுத்தது இதற்காகத்தான். 2017 மே மாதம் தமிழில் ஒரு லட்சமாவது கட்டுரை வந்தபோது, அதில் பெரும்பகுதி அவரைப்போல விடாமல் உட்கார்ந்த சில பத்துப் பேரின் உழைப்பு. இப்போது ஒன்றரை லட்சத்தையும் தாண்டியாகிவிட்டது.

அப்படியானால் ஒரே ஒரு திருத்தம் செய்துவிட்டுப் போகிறவரால் என்ன பயன்?

ஒரு சின்ன சம்பவம் சொல்கிறேன். சிவகங்கைப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றின் அம்மன் கோயில் பற்றி மூன்று வரிக் குறுங்கட்டுரை இருந்தது. திருவிழா ஆடி மாதம் என்று போட்டிருந்தது. ஒருநாள் இரவு, கணக்கே இல்லாமல் வெறும் ஐ.பி. முகவரியில் இருந்து ஒருவர் 'ஆடி'யை அழித்து 'மாசி' என்று எழுதிவிட்டுப் போனார். சான்று இல்லை, ஏன் மாற்றினார் என்ற சுருக்கக் குறிப்பு இல்லை. இப்படி வரும் மாற்றங்களில் பாதி விளையாட்டுத்தனம். திருப்பிவிடும் பொத்தான் மேல் என் விரல் இருந்தது.

ஏதோ தோன்றித் தேடினேன். அந்த ஊர் இளைஞர் மன்றம் படமெடுத்துப் போட்ட ஒரு திருவிழா அழைப்பிதழ் அகப்பட்டது. மஞ்சள் தாள், மூலையில் குங்குமக் கறை, தலைப்பிலேயே 'மாசிப் பெருந்திருவிழா'. ஆடி என்று எழுதியிருந்தது நீண்ட காலத் தன்னார்வலர் ஒருவர். எல்லா அம்மனுக்கும் ஆடிதானே என்று எழுதியிருக்க வேண்டும். (அந்த ஒருவர் நான்தான்.)

அந்த ஐ.பி. திரும்பி வரவே இல்லை. வரவேண்டிய தேவையும் அவருக்கு இல்லை, தன் ஊரில் தனக்குத் தெரிந்ததைச் சொல்லிவிட்டார். சென்னையில் உட்கார்ந்து நான் பத்தாயிரம் தொகுப்பு செய்தாலும் அந்த ஒரு சொல் என்னிடம் இல்லை.

ஒரு நீண்ட காலத் தன்னார்வலர் தினமும் என்னதான் செய்வார்?

அண்மைய மாற்றங்களைப் பார்ப்பது, திரைப்பட நடிகர் பக்கத்தில் யாரோ சேர்த்த வசவை நீக்குவது, ஒரே ஆளைப் பற்றி இரண்டு எழுத்துக்கூட்டலில் வந்த இரண்டு கட்டுரைகளை இணைப்பது, பதிப்புரிமைச் சிக்கலுள்ள படத்துக்கு அறிவிப்பு வைப்பது, உடைந்த வார்ப்புருவை (பல பக்கங்களில் திரும்பத் திரும்ப வரும் தகவல் பெட்டி போன்ற அச்சு) சரிபார்ப்பது, ஆலமரத்தடியில் நடக்கும் விவாதத்துக்குப் பதில் எழுதுவது. ஆலமரத்தடி என்பது தமிழ் விக்கிப்பீடியாவின் பொதுப் பேச்சுப் பக்கம். பெயர் வைத்தவர் வாழ்க.

பெரும்பாலும் யார் கண்ணிலும் படாத வேலை. செய்தால் தெரியாது, செய்யாவிட்டால் இரண்டு வாரத்தில் தெரியும்.

எங்கள் கல்லூரியில் அறுபது மாணவர்களுக்குப் பயிலரங்கு நடத்தினோம். அடுத்த மாதம் ஒருவர்கூட எழுதவில்லை. தோற்றுவிட்டோமா?

தோற்கவில்லை, எதிர்பார்ப்புதான் தவறு. அதே மினசோட்டாவில் 2009இல் ஓர் ஆய்வு செய்தார்கள். பின்னாளில் மிகுதியாகப் பங்களித்தவர்களின் முதல் சில நாள்களை எடுத்துப் பார்த்தார்கள். மெல்ல மெல்ல வளர்ந்தவர்களாக அவர்கள் இல்லை. முதல் நாளிலிருந்தே மற்றவர்களைவிட அதிகமாக எழுதியிருந்தார்கள். அதாவது அறுபது பேரையும் பழக்கி நீண்ட காலத்தவராக ஆக்கிவிடலாம் என்பது நடக்காத காரியம். அந்த அறுபதில் ஏற்கெனவே இந்த ஆர்வப் பூச்சி கடித்த ஒருவர் இருந்தால், அவருக்கு வழி காட்டலாம். அவ்வளவுதான்.

என் அனுபவமும் இதுதான். நிகழ்ச்சி முடிந்து எல்லோரும் பேருந்துக்கு ஓடும்போது, 'சார், இந்த வார்ப்புரு ஏன் வலப்பக்கம் போகமாட்டேங்குது?' என்று ஒருவர் மடிக்கணினியை மூடாமல் நிற்பார். அவர் தொலைபேசி எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள்.

மீதி ஐம்பத்தொன்பது பேர் அன்று என்ன செய்தார்கள் என்பதுதான் நீங்கள் கேட்டுக்கொள்ள வேண்டியது. ஒரு கல்லூரியில் (பெயர் வேண்டாம்) ஆளுக்கொரு கட்டுரை எழுதச் சொல்லிவிட்டு, எதைப் பற்றி என்று சொல்லாமல் விட்டுவிட்டோம். மாலைக்குள் அந்தக் கல்லூரி முதல்வரைப் பற்றி மட்டும் நான்கு கட்டுரைகள். எல்லாவற்றிலும் 'அன்னாரின் தன்னலமற்ற சேவை'. மீதியில் பாதி, செய்தித்தாளில் இருந்து அப்படியே ஒட்டியவை. நாங்கள் மூன்று பேர் உட்கார்ந்து அத்தனையையும் படித்து, நீக்கி, நீக்கியதற்குக் காரணம் எழுதி முடிக்க ஒரு வாரம் ஆனது. அந்த மாணவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. திட்டமிடாதது நாங்கள்.

போட்டி, பரிசு வைத்தால் ஆள்கள் தங்குவார்களா?

கட்டுரைகள் நிச்சயம் வரும். தங்குகிறவர்கள் குறைவு. 2018இல் இந்திய மொழி விக்கிப்பீடியாக்களுக்கிடையே ஒரு கட்டுரைப் போட்டி நடந்தது. தமிழில் வேங்கைத் திட்டம் என்று பெயர். முதல் முறை பஞ்சாபி முந்தியது, தமிழ் இரண்டாம் இடம். அடுத்த சுற்றில் தமிழ் முதலிடம். அந்த வாரங்களில் வீட்டில் சோறு இறங்காமல் எழுதியவர்களை எனக்குத் தெரியும். முதலிடம் பிடித்துத் தந்ததில் பெரும்பங்கு ஏற்கெனவே எழுதிக்கொண்டிருந்தவர்களுடையது. ஆக, போட்டி புதியவரைத் தங்க வைப்பதைவிட, சோர்ந்துகிடக்கும் பழையவரைத் தட்டி எழுப்பும் என்பது என் கணிப்பு. அதுவும் தேவைதான்.

ஒரு எச்சரிக்கை. பைட்டு (கணினியில் எழுத்து பிடிக்கும் இடத்தின் அலகு) எண்ணிக்கை வைத்துப் போட்டி நடத்தினால், தமிழ் எழுத்து ஒவ்வொன்றும் கணினிக்கு மூன்று பைட்டு, புள்ளியும் கொம்பும் தனித்தனியாக மூன்று மூன்று. 'தமிழ்' என்று எழுதினாலே பதினைந்து. ஆங்கிலத்துக்கு வகுத்த எல்லையை அப்படியே கொண்டுவந்தால் நான்கு பத்தியில் இலக்கைத் தொட்டுவிடுவார்கள். எல்லையை உயர்த்தினால் பட்டியலும் அட்டவணையுமாக நிரப்புவார்கள். சொல் கணக்கு கொஞ்சம் மேல்.

காசு கொடுத்து எழுத வைத்தால் வேலை சீக்கிரம் முடியாதா?

நடந்து பார்த்தாயிற்று. 2009 வாக்கில் கூகுள் நிறுவனம் தமிழ், தெலுங்கு, இந்தி, வங்காளம் முதலிய மொழிகளில், தன் மொழிபெயர்ப்புக் கருவியைக் கொண்டு கூலி மொழிபெயர்ப்பாளர்களால் ஆங்கிலக் கட்டுரைகளைப் பெயர்த்து விக்கிப்பீடியாக்களில் ஏற்றியது. கட்டுரைகள் நீளமானவை, எண்ணிக்கையும் நிறைய. ஆனால் தலைப்புகள் தமிழ் வாசகருக்கு என்ன வேண்டும் என்று யாரையும் கேட்டுத் தேர்ந்தவை இல்லை, மேற்கத்தியப் பாடகர்கள், நடிகர்கள் என்று போயின. நடை கருவியின் நடை. பேச்சுப் பக்கத்தில் கேள்வி கேட்டால் பதில் சொல்ல ஆள் இல்லை. மொழிபெயர்ப்பாளருக்கு அது அடுத்த வேலைக்கு முந்தைய வேலை, அவ்வளவுதான்.

வங்காள விக்கிப்பீடியா ஏற்க மறுத்துவிட்டது. தமிழ்ச் சமூகம் பேசிப் பார்த்தது. தலைப்பைக் கலந்து முடிவு செய்யவேண்டும், வந்த கட்டுரையைத் திருத்தித் தரவேண்டும் என்றெல்லாம் கேட்டு, அந்த அனுபவத்தை 2010இல் போலந்தின் கதான்சுக் நகரில் நடந்த, விக்கித் தன்னார்வலர்கள் கூடும் விக்கிமேனியா மாநாட்டிலும் முன்வைத்தது. 2011வாக்கில் திட்டம் நின்றுபோனது. ஆள்கள் போய்விட்டார்கள், கட்டுரைகள் இருந்தன. அவற்றைச் செப்பனிடும் வேலை அதற்குப் பிறகும் வருடக்கணக்கில் ஓடியது. செய்தவர்கள் யார் என்று சொல்லத் தேவையில்லை.

என்னிடம் ஒரே ஒரு நாள்தான் இருக்கிறது. என்ன செய்யலாம்?

விக்கிமூலத்துக்கு வாருங்கள். கட்டுரை எழுதுவதைவிட இதுதான் ஒருநாள் ஆளுக்கு ஏற்ற வேலை என்பது என் கட்சி.

தமிழ் இணையக் கல்விக்கழகம் நாட்டுடைமையாக்கப்பட்ட நூல்களின் வருடல்களை (ஸ்கேன் செய்த படங்களை) தந்ததால், விக்கிமூலத்தில் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட நூல்கள் ஏறின. வலப்பக்கம் அச்சுப் பக்கத்தின் படம், இடப்பக்கம் எழுத்துணரி (படத்திலுள்ள எழுத்தை உரையாக்கும் மென்பொருள்) அதைப் படித்துத் தந்த உரை. இரண்டையும் ஒப்பிட்டுத் திருத்தவேண்டும். எழுத்துணரிக்குக் கால் எது, 'ர' எது என்று அடிக்கடி குழப்பம். 1978 சீர்திருத்தத்துக்கு முந்தைய அச்சில் துதிக்கை வைத்த 'லை', 'னை' வந்தால் திணறும். வரி முடிவில் ஒடித்துப் போட்ட சொல்லை நீங்கள்தான் ஒட்டவைக்க வேண்டும். மேலே இருக்கும் நூல் தலைப்பும் பக்க எண்ணும் உரைக்குள் வந்து விழுந்திருக்கும், அதை மேலடிக்கு நகர்த்த வேண்டும். கொஞ்சம் பழகிவிட்டால் ஒரு பக்கம் பத்து நிமிடம்.

திருத்தாத பக்கம் சிவப்பு. நீங்கள் மெய்ப்புப் பார்த்துச் சேமித்தால் மஞ்சள். இன்னொருவர் வந்து மறுபடி பார்த்தால்தான் பச்சை. மஞ்சளாக்கியவரே பச்சையாக்க முடியாது, மென்பொருள் விடாது. நீங்கள் மூன்று பக்கம் மஞ்சளாக்கிவிட்டுப் போனால் அந்த மூன்றும் முடிந்த வேலை. யாரும் உங்களைத் தேட மாட்டார்கள். என்றைக்கோ ஒருநாள் யாரோ பச்சையாக்கிக்கொள்வார்கள்.

விக்கிக்கு வெளியிலும் இப்படிப்பட்ட வேலைகள் உண்டு. 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்தில், எந்தத் தெருவில் தண்ணீர் நிற்கிறது என்று மக்களே, யாரும் திருத்தக்கூடிய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் வரைபடத்தின் மேல் குறித்தார்கள். சில நாள் வேலை, அப்புறம் அவரவர் வீட்டைக் கழுவப் போய்விட்டார்கள். ஆனால் குறிப்பதற்கு அந்தத் தெருக்கள் வரைபடத்தில் முன்பே இருந்தன. மழைக்குப் பல வருடம் முன்பே யாரோ பொழுதுபோகாமல் ஒவ்வொரு சந்தாக வரைந்து வைத்திருந்தார்கள்.

என் முதல் கட்டுரையை ஒரு மணி நேரத்தில் நீக்கிவிட்டார்கள். எதற்கு இனி வரவேண்டும்?

கோபம் நியாயமானது. ஆங்கில விக்கிப்பீடியாவில் செயல்படும் பயனர் எண்ணிக்கை 2007இல் உச்சத்தைத் தொட்டு அப்புறம் இறங்கியது. ஏன் என்று ஆராய்ந்து 2013இல் வெளிவந்த ஓர் ஆய்வு, விஷமிகளைத் தடுக்க உருவாக்கிய விதிகளும் தானியங்கிக் கருவிகளும் நல்ல எண்ணத்தோடு வந்த புதியவர்களையும் சேர்த்து வெளியே தள்ளின என்று காட்டியது. கொசுவலையைக் கட்டியதில் காற்றும் நின்றுபோனது.

நீக்கியதற்கான காரணத்தைப் பேச்சுப் பக்கத்தில் கேளுங்கள். பதிப்புரிமை என்றால் சொந்த நடையில் திரும்ப எழுதலாம். சான்று இல்லை என்றால் மணல்தொட்டியில் (எழுதிப் பழகுவதற்கான பக்கம்) வைத்துச் சான்றைத் தேடலாம். காரணமே எழுதாமல் நீக்கியிருந்தால் தப்பு நீக்கியவருடையது, அதையும் ஆலமரத்தடியில் தைரியமாகச் சொல்லலாம்.

பழைய ஆள்கள் நாட்டாமை செய்கிறார்கள் என்று தோன்றுகிறது. உண்மையா?

சில நேரம் உண்மை. சில நேரம் கதை தெரியாததால் அப்படித் தோன்றும். இந்தியப் பாடநூலில் இயற்பியல், வேதியியல். இலங்கைப் பாடநூலில் பௌதிகவியல், இரசாயனவியல். கிரந்த எழுத்து வேண்டுமா வேண்டாமா என்பது இன்னொரு தீராத வழக்கு. இதையெல்லாம் வருடக்கணக்கில் பேசி, ஒரு தலைப்பை வைத்து, மற்றதைத் தேடுபவரும் அங்கேயே வந்துசேர வழிமாற்றுக் கொடுத்து ஒருமாதிரி சமாதானமாக வாழ்ந்துகொண்டிருப்பார்கள். புதியவர் ஒருவர் நல்ல மனதோடு வந்து பத்துத் தலைப்புகளை மாற்றுவார். பழையவர் ஒரு நிமிடத்தில் பத்தையும் திருப்பிவிடுவார், காரணம் எழுதாமல். அவருக்கு இது இருபதாவது முறை, வந்தவருக்கு முதல் முறை.

இதில் நான் புதியவர் பக்கம்தான். திருப்புவதற்கு இருந்த நேரத்தில் பழைய உரையாடலின் இணைப்பை ஒட்ட இன்னும் பத்து விநாடி ஆகியிருக்குமா?

நீண்ட காலத்தவர்கள் ஏன் போய்விடுகிறார்கள்?

கல்யாணம், குழந்தை, வேலை மாற்றம், கண் அறுவை சிகிச்சை. பெரும்பாலான காரணங்கள் இவ்வளவுதான். சண்டை போட்டுவிட்டுப் போகிறவர்கள் உண்டு, அவர்கள் நீளமாக எழுதிவிட்டுப் போவதால் நினைவில் நிற்கிறார்கள். மற்றவர்கள் சத்தமில்லாமல் நின்றுவிடுவார்கள். அவரோடு ஏதாவது ஒரு வேலையும் நின்றுபோகும். முதற்பக்கத்துப் படத்தை மாற்றுவதோ, ஒரு தானியங்கியை ஓட்டுவதோ, அவர் ஒருவருக்கு மட்டுமே கைவந்ததாக இருந்திருக்கும். ஒரு வேலையை இருவராவது தெரிந்து வைத்திருக்கவேண்டும் என்று ஒவ்வொரு கூடலிலும் பேசுகிறோம். பேசுவதோடு சரி.

சான்றிதழ் கிடைக்குமா?

பயிலரங்கு நடத்தும் கல்லூரி கொடுத்தால் உண்டு. விக்கிப்பீடியா ஆசிய மாதம் என்ற கட்டுரைப் போட்டியில் இலக்கை முடித்தவர்களுக்கு வேறு நாட்டு விக்கியர்களிடமிருந்து அஞ்சலட்டை வந்ததுண்டு. என் அலமாரியில் சான்றிதழ்கள் கோப்புக்குள் கிடக்கின்றன, அஞ்சலட்டை கண்ணாடியில் செருகியிருக்கிறது.

இடையில் விட்டுப்போனவர் திரும்பி வரலாமா? கணக்கை நீக்கியிருப்பார்களா?

பயனர் கணக்கை யாரும் நீக்குவதில்லை. நீங்கள் செய்த ஒவ்வொரு தொகுப்பும் அந்தப் பக்கத்தின் வரலாற்றில் உங்கள் பெயரிலேயே இருக்கும். இரண்டு ஆண்டுகளுக்கு எதுவும் செய்யாத நிருவாகிகளின் அணுக்கம் (கூடுதல் உரிமைகள்) மட்டும் மறுபரிசீலனைக்கு வரும், அதையும் திரும்பக் கேட்டுப் பெறலாம்.

போன மாதம் ஒருவர் எட்டு வருடம் கழித்து உள்ளே வந்தார். பயிலரங்கு ஒன்றில் கணக்குத் தொடங்கி இரண்டே இரண்டு திருத்தம் செய்தவர். அன்று அவர் பேச்சுப் பக்கத்தில் யாரோ வைத்த வரவேற்புச் செய்தி அப்படியே இருந்தது, கடைசி வரியில் 'ஏதேனும் உதவி தேவையெனில் தயங்காமல் கேளுங்கள்'. அதன் கீழே பதில் எழுதியிருந்தார்: 'இப்போதுதான் பார்த்தேன், மன்னிக்கவும். படம் ஏற்றுவது எப்படி?'